வேரில் இருந்த முடிச்சு

கண்ணாடிக்கடைக்காரர் தெருவில் பாதிப் பேருக்குக் கண் பரிசோதித்தவர். தன் கண்ணில் மட்டும் யாராலும் மண்ணைத் தூவ முடியாது என்பது அவர் எண்ணம். வீட்டுக் கொல்லையில் இருந்த கீரைப் பாத்தி அதைச் செய்துகாட்டியது.

கீரை மஞ்சளாகி, வெயில் ஏறினால் துவண்டது. ஒன்றைப் பிடுங்கினார். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். அவரைச் செடியின் வேரில் இருப்பதுபோல் மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும் முடிச்சு என்று பூரித்துப்போய், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். கண்ணாடி வாங்க வந்த விதைக்கடைக்காரருக்கும் காட்டினார்.

"அண்ணே, இது நூற்புழு. கண்ணுக்கே தெரியாது, வேருக்குள்ள பூந்து வீங்க வெச்சிடும். ஒரு போகம் கீரையை விட்டுட்டு, பாத்தி முழுக்கச் செண்டுமல்லி போடுங்க. அடங்கிடும்."

மனுஷர் முகத்தில் அசடு வழிந்தது. இருபது வருடமாக மனைவி ஒரு வரிசை செண்டுமல்லி கேட்கும்போதெல்லாம், "பூவை வெச்சு என்ன சமைப்பே?" என்று வாயை அடைத்தவர் அவர்தான்.

பாத்தி மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துக் குலுங்கியது. பார்த்தவர்களிடம், "பூ இல்லைங்க, மருந்து" என்றார். மனைவி மருந்தைப் பறித்து ஜன்னலோரம் ஜாடியில் வைத்தாள்.

போகம் முடிந்ததும் சோதனைக்கு நாலு கீரை விதைத்தார்கள். வளர்ந்ததும் ஒன்றைப் பிடுங்கி நீட்டினாள்.

"இன்னும் ஒரு முடிச்சு இருக்கு பாருங்க. இன்னொரு போகமும் செண்டுமல்லிதான்."

அவர் லென்ஸை எடுத்து வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர் நூல் மாதிரி சுத்தமாக இருந்தது.

"ஆமா," என்றார். "நல்லாவே தெரியுது."