அராமத்தா கேலி பேசாத காலை

பொழுது விடிகிற நேரம். டக்கார் வானிலை அலுவலகத்தில் அராமத்தா பாஜி மிளகு மணக்கும் தூபா காப்பியில் மூன்றாவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தாள். மாற்று ஆள் வரவில்லை; இரண்டு ஷிஃப்டும் அவள் தலையில். மழைக்காலம் முழுக்க இப்படித்தான். மகள்கள் அம்மாவின் முகத்தைவிட அவள் தூங்கும் முதுகைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

அவள் வேலை கடல்காற்று. நடுக்கடலில் காற்றை அளக்க யாரும் கம்பம் நட முடியாது. செயற்கைக்கோள் நுண்ணலைகளைக் கீழே எறிகிறது. காற்று கிளப்பிய சிற்றலைகளில் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துக் காற்றின் வேகமும் திசையும் கணக்காகி, திரையில் அம்புகளாக விழும். அராமத்தா அவற்றைப் படித்து மீன்பிடித் துறைகளுக்குச் சொல்வாள்.

ஜோவால் துறையில், கடலுக்குப் போகக் கூடாத நாளில் சிவப்புக் கொடி ஏற்றுபவர் ஜெகான் ஃபாய். அவர் செரேர், அவள் ஜோலா. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. ஒரே படகில் வந்து பிரிந்த அக்கா தங்கையின் வழியாம். அதனால் ஒருவரோடொருவர் கேலியில்லாமல் பேசுவதே கிடையாது. சாவு வீட்டில்கூட வம்புதான்.

போன வாரம் அவள் சிவப்புக் கொடி ஏற்றச் சொன்னாள். கடலோ எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. தூரத்தில் பெய்த பெருமழை தண்ணீரைக் குத்திக் கலக்கியது செயற்கைக்கோளுக்குக் காற்றாகத் தெரிந்திருந்தது. அம்புகள் தாறுமாறாகக் கிடந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். தூக்கக் கண். ஜோவாலே சிரித்தது.

இன்றும் திரையில் தென்மேற்கே, பலத்த காற்றைக் காட்டும் சிவப்புத் திட்டு. அதே இடத்தில் மழை மேகம். மழையிடம் அவ்வளவாக ஏமாறாத இன்னொரு செயற்கைக்கோள் வருவதற்கு முற்பகல் ஆகிவிடும். அதற்குள் படகுகள் போய்விடும். மறுபடி தப்பாகச் சொன்னால் அவள் பேச்சு இந்தப் பருவம் முழுக்க எடுபடாது. சொல்லாமல் விட்டால்?

முகம் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொரு அம்பாகப் பார்த்தாள். எல்லாம் ஒரு மையத்தைச் சுற்றி ஒழுங்காக வளைந்தன. நேற்று மாலை இதே வளைவு இன்னும் தெற்கே இருந்தது. நகர்கிறது. மழை மட்டுமில்லை, காற்றுதான்.

போன் போட்டாள்.

"என்ன சோத்துமூட்டை, முழிச்சிட்டியா?" ஜெகானின் குரலுக்குப் பின்னால் எஞ்சின்கள் உறுமின.

"சிவப்புக் கொடி ஏத்துங்க. மத்தியானத்துக்குள்ள காத்து வருது."

"மறுபடியுமா? நெல்லு வயல்ல நிக்கிற தண்ணியப் பாத்தாலே பயப்படுற கூட்டம் நீங்க. எங்க கடல் உனக்கெதுக்கு? போய் நாத்து நடு!"

"போன வாரப் புயல்ல என் தொப்பிகூடப் பறக்கலன்னு சொல்லுங்க!" என்று பக்கத்தில் யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் விளையாட்டு தொடரும். விளையாட்டோடு விளையாட்டாகச் சொன்ன காற்றுக்கு யார் கொடி ஏற்றுவார்கள்?

"ஜெகான் ஃபாய் ஐயா," என்றாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "போன வாரம் நான்தான் தப்பாப் படிச்சேன். இன்னைக்குத் தப்பில்ல. தயவுசெஞ்சு ஏத்துங்க."

ஜெகானுக்கு உடனே புரிந்தது. ஜோலாப் பெண் செரேர்காரனை ஐயா என்றால் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

"எல்லாரும் எறங்குங்கடா! எஞ்சினை அணைங்க!" அவர் படகுகளைப் பார்த்துக் கத்தினார். பிறகு அவளிடம் மெதுவாக, "ரெண்டு படகு முன்னாடியே போயிருச்சும்மா. போன் எடுக்கிறாங்களான்னு பாக்குறேன்."

முற்பகலில் இரண்டாவது செயற்கைக்கோளும் அதே வளைவைக் காட்டியது. அராமத்தாவுக்கு நிம்மதி வரவில்லை. மதியத்துக்கு முன்பே கடல் வெள்ளையாகக் கொதித்தது. ஒரு படகு பாதி வழியில் திரும்பிவிட்டது. மற்றதைப் பற்றிச் சேதி இல்லை. அவள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஜெகான் கூப்பிட்டார்.

"அந்த இன்னொரு படகுக்காரங்க எம்பூர்த் துறையில ஒதுங்கிட்டாங்கம்மா. காத்து வருதுன்னு போன்ல சொன்னதும் வலைய அறுத்துப் போட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. வலை என் மருமகனோடது. உங்களக் கண்டபடி திட்டிக்கிட்டிருக்கான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லாத் திட்டட்டும்."