மூன்று முறை கூப்பிட வேண்டியவள்

கொக்கிரகுளத்துச் செல்லக்கிளி ஒருதரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இரண்டாம் தரத்துக்கும் அப்படித்தான். மூன்றாம் தரம்தான் "ஏன்?" என்று வாயைத் திறப்பாள்.

"இவ ஏன்னு கேக்கதுக்குள்ள உலையில கெடக்க சோறு குழைஞ்சி போவும்" என்பாள் அவள் மதினி முத்துராணி.

காரணம் தெரிந்தவர்கள் கேலி பேசுவதில்லை. செல்லக்கிளிக்கு ஒன்பது வயதில், ஓர் உச்சிப்பொழுதில், ஆற்றுப் படித்துறையில் அவள் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். நடு ஆற்றைப் பார்த்து நிமிர்ந்து, "இந்தா வாரேன்" என்று சொன்னாள். பிழிந்த சேலையைக் கையில் பிடித்தபடியே இறங்கி நடந்தாள். சேலை மறுநாள் கரை ஒதுங்கியது. செல்லக்கிளி பக்கத்துப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் ஒரு குரலும் விழவில்லை.

மனிதர் அல்லாதது மூன்றாம் தரம் கூப்பிடாது. ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் எண்ணத் தொடங்கினாள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அண்ணன் கொம்பையா வீட்டில், அடுக்களை மூலையில் ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியும்தான் அவளுக்கென்று இருந்தன. அந்த மூலையை விட்டுப் போக ஒரு வழி வந்தது. சிங்கப்பூரில் படுக்கையாய்க் கிடக்கும் ஒரு சீனக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவிக்கு மாண்டரின் சீனம் தவிர வேறு பேச்சுத் தெரியாதாம். ஒன்றரை மாதம் கழித்துக் கிழவியே தொலைபேசியில் பேசிப் பார்ப்பாளாம்.

யாராயிருந்தாலும் மலைத்துப் போவார்கள். செல்லக்கிளி மலைக்கவில்லை. வண்ணார்பேட்டையில் அவள் கூட்டிப் பெருக்கும் பல் ஆஸ்பத்திரி ஒரு சீனாக்காரருடையது. அவர் இரண்டு வருஷத்துக்கு முன் கல்கத்தாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மெய்லினுக்குத் தமிழ் வராது. பல் வலியோடு வருகிறவர்களிடம் "துப்பு" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் காலம் தள்ளினாள். ஆகவே இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி மதியம் சாத்தியிருக்கும் நேரத்தில் இவள் அவளுக்குத் தமிழ் சொல்லித் தர வேண்டும், அவள் இவளுக்குச் சீனம்.

தண்ணீர், கஞ்சி, வலி, முதுகு. செல்லக்கிளி வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ஒன்று மட்டும் வரவில்லை. கிழவி வாயில் நுழையட்டும் என்று மெய்லின் அவளுக்கு "யிங்" என்று பெயர் வைத்து, சிங்கப்பூருக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்தாள். "யிங்!" என்றால் உடனே "லாய் லெ", அதாவது வந்துவிட்டேன், என்று சொல்ல வேண்டும். செல்லக்கிளியோ மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, கிழவி கட்டில்ல இருந்து விழுது. மூணு தடவை கூப்புடுமா?" என்று மெய்லின், அதற்குள் பிடித்துக்கொண்ட தமிழில், இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"எண்ணாம ஏன்னு கேட்டா எனக்கு நெஞ்சு அடைக்குளா."

"அப்ப போ. மதினி வீட்டு மூலையிலயே கெட."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து மெய்லின் மாடியிலிருந்து, புழக்கடையிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். இருபது நாளில் எண்ணுவது நின்றுபோனது.

ஒருநாள் மதியம் செல்லக்கிளி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "யிங்!" என்று குரல் வந்தது.

"லாய் லெ!" என்று எழுந்து போனாள். வெள்ளைச் சாந்தில் வார்த்த பழைய பல் அச்சுகளை அடுக்கி வைத்திருக்கும் பின்னறை முன்னால் போய் நின்றாள். கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டின்மேல் தூசி.

மெய்லின் மாடிப்படியில் அரிசி களைந்த கையோடு இறங்கி வந்தாள்.

"நீயா கூப்பிட்ட?"

மெய்லின் பூட்டைப் பார்த்தாள். "உனக்கும் கேக்குதா?"

அது அவள் மாமியார் படுத்திருந்த அறை. மெய்லின் வாழ வருவதற்கு முந்தின வருஷமே மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். "தெனம் என் பேர் சொல்லுது. நான் லாய் லெ சொல்லுதேன். பொறவு பாத்தா, கையில இந்தப் பூட்டுச் சாவி இருக்கு."

"எத்தன தடவை கூப்பிடுது?"

"ஒண்ணு. சில நாள் ரெண்டு."

செல்லக்கிளி அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கதையைச் சொன்னாள். "இனிமே எண்ணிக்கோ. மூணாவதுக்குத்தான் வாயத் தொறக்கணும், கேட்டியா?"

தொலைபேசி நாள் வந்தது. முகம்மது இப்ராஹிமின் எஸ்.டி.டி. பூத்தில், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு செல்லக்கிளி காதில் வைத்தாள். முதலில் கிழவியின் மகள் பேசினாள். அம்மாவுக்கு இரண்டாம் தரம் கூப்பிடப் பிடிக்காது, அதனாலேயே முன்பிருந்த இரண்டு பேரை அனுப்பிவிட்டோம் என்றாள். பிறகு இரைச்சல், மூச்சு, ஒரு கிழட்டுக் குரல்.

"யிங்."

பின்னறையில் கேட்ட அதே குரல். எண்ணலாம்; எண்ணினால் பாயும் தகரப் பெட்டியும்தான் மிச்சம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முத்துராணி நின்றிருந்தாள்.

"லாய் லெ" என்றாள் செல்லக்கிளி.

வேலை கிடைத்தது. போனாள். கிழவி நல்லவள்தான். தனியாக ஓர் அறை, சன்னல், கட்டில் எல்லாம் கிடைத்தன.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் அவள் மெய்லினுக்குத் தொலைபேசி போட்டாள். முதலில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதுக்கும் எடுக்கவில்லை. மூன்றாவதுக்கு எடுத்த மெய்லின் நல்ல நெல்லைத் தமிழில் சிரித்தாள். "இப்பம் எல்லாத்துக்கும் மூணுதான் அக்கா. நோயாளியெல்லாம் ஏசுதாவ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரூம்ல சத்தமே இல்ல. நீ போன அன்னைக்கே நின்னுபோச்சு."

"நல்லதும்மா" என்று சொல்ல வாயெடுத்தாள் செல்லக்கிளி. முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"யிங்."

கட்டிலில் கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். பல் செட்டு கண்ணாடித் தம்ளரில் கிடந்தது. வாய் மூடியிருந்தது.

செல்லக்கிளி எண்ணத்தான் நினைத்தாள். அதற்குள் அவள் வாய் சொல்லிவிட்டிருந்தது. காலும் நடக்கத் தொடங்கியிருந்தது.