வீட்டுக்குப் போன இருபத்திரெண்டாயிரம் பேர்

சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் சந்திரகுமார் இருபத்தாறு வருடமாகச் சமையல்காரர். தமிழ்ச் சபையில் அவர் பிரசங்கம் செய்ததே இல்லை. போதகருக்குத் தொண்டை கட்டிய ஒரு ஞாயிறு, வேதாகமத்தில் வரும் கிதியோனின் போரைப் பற்றிப் பேச அவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

வெட்டுக்கிளிபோல் பள்ளத்தாக்கை நிரப்பிய எதிரிகளைக் கிதியோன் முந்நூறு பேரோடு வென்ற கதை அது. சந்திரகுமாரின் பேச்சு அந்த முந்நூறு பேர்வரை வந்து சேரவே இல்லை.

"பயந்தவை வீட்டுக்குப் போகலாம் எண்டு கிதியோன் முதலிலை தன்ரை படைக்குச் சொன்னவர். இருபத்திரெண்டாயிரம் பேர் போயிட்டினம். கடவுள் அவையை ஏசேல்லை. போகச் சொன்னதே அவர்தான்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நானும் சண்டைக்குப் பயந்துதான் இஞ்சை ஓடிவந்தனான். என்ரை சிநேகிதங்கள் நிண்டவங்கள்."

இதை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. ஆமென் சொல்லிவிட்டு இறங்கினார்.

தேநீர் வேளையில், இலங்கைப் போரில் ஒரு காலை இழந்த அருள்தாஸ் ஊன்றுகோலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சந்திரகுமார் அவரிடம் ஏச்சு வாங்கத் தயாரானார்.

"நான் நிண்டனான், அண்ணை. எனக்கும் சரியான பயம்தான். வீட்டை போ எண்டு சொல்ல அங்கை ஒருத்தரும் இருக்கேல்லை."

சந்திரகுமார் தன் தட்டிலிருந்த வடையை அவரிடம் தள்ளினார். அருள்தாஸ் சாப்பிட்டார். பின்னேரம் சந்திரகுமார் வேலைக்குப் போய் எண்பது பேருக்கு ரோஷ்டி என்னும் உருளைக்கிழங்கு அடை சுட்டார்.