மெல்பேர்ன் வெயில்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வாங்கிய கையோடு வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றை வாடகைக்கு விட்டால்தான் மூச்சுவிடலாம் என்ற நிலைமை. தமிழ்க் கடைக் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டினேன். பெரிய மனுசத்தனமாக அதன் கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதிவைத்தேன். அதுதான் வினை. வந்து நின்றவன் ஓர் ஐரிஷ் பெடியன்.

தமிழ்க் கடைக்குள் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். வெளிநாட்டுக்குக் கதைக்கிற ரெலிபோன் காட் அங்கேதான் மலிவு என்றான். அது உண்மைதான். இருபத்திரண்டு வயதிருக்கும், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றி வைத்தபோது எங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் அவனுடையது இரண்டு தோணி மாதிரிக் கிடந்தது. ஹோலில் மாதா சொரூபத்தைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டான். நாங்கள் கத்தோலிக்கர். வாடகை பற்றி நான் வாய் திறக்கவே என் மனிசி விடவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டாள்.

கூரை போடுகிற வேலைக்குப் போய்வந்தான். அவன் பேசுகிற ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் விளங்கும், எங்களுடையதும் அவனுக்கு அப்படித்தான். அதனால் ஒருவரை ஒருவர் குறைவாக நினைக்க வாய்ப்பில்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எங்களை அங்கிள், அன்ரி என்று கூப்பிடப் பழகினான். அவன் சொன்னதையெல்லாம் எனக்கு வருகிற தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐரிஷ்காரர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் குடிக்கக் கடை, விளையாடக் கழகம் எல்லாம் நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தன. அங்கே இருக்காமல் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டால் சிரிப்பான். நாங்கள் எங்கள் சனம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வீடு தேடினோம். அவன் தன் சனம் ஒருவருமில்லாத இடமாகப் பார்த்துத் தேடி வந்திருக்கிறான். அது எனக்கு விளங்கப் பனி மாரி வரவேண்டியிருந்தது.

அதற்கு முதல், இலையுதிர் காலத்தில் ஒரு நாள், வீட்டுக்குப் பின்னால் மின்கம்பிகள் போகிற நீளப் புல்வெளியில் எங்கள் பெடியள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வேலையால் வந்தவனின் காலடிக்குப் பந்து உருண்டு வந்தது. சப்பாத்து நுனியால் அதைக் கைக்குத் தூக்கினான், நாலடி ஓடினான், விட்டு உதைத்தான். பந்து மின்கோபுரத்துக்கு மேலாகப் போய் எங்கேயோ ஒரு வளவுக்குள் விழுந்தது. பெடியள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நானும் ஊரில் பந்தடித்தவன்தான், அப்படி ஓர் உதையை என் கண்ணால் கண்டதில்லை. அன்றைக்குப் பிறகு அவர்கள் எவ்வளவு கூப்பிட்டும் அவன் அந்தப் புல்வெளிக்குப் போகவில்லை.

பேஸ்மென்றில் ரெலிபோன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் குசினிக்கு வந்து ரெலிபோன் காட்டின் இலக்கத்தைச் சுரண்டி அயர்லாந்துக்கு, தாய்க்கு, எடுப்பான். மார்கழியில் ஒரு ஞாயிறு. நான் வாசலில் பனி வழித்துவிட்டுக் கை விறைத்துப்போய் உள்ளே வருகிறேன், இவன் ரெலிபோனில் சொல்லிக்கொண்டிருக்கிறான்:

"சரியான வெயில், அம்மா. நேற்றுக் கடலுக்குப் போனனான். முதுகு எல்லாம் எரிஞ்சு போச்சு."

யன்னலுக்கு வெளியே ஸ்காபரோ முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. மனிசி என்னைப் பார்த்தாள், நான் அவனைப் பார்த்தேன். போனை வைத்தவன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். மனிசி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கதை வந்தது.

ஐரிஷ்காரருக்குச் சொந்தமான ஒரு பந்தாட்டம் இருக்கிறது. காலாலும் அடிக்கலாம், கையாலும் பிடிக்கலாம். பந்து உருண்டை. தன் ஊருக்காக விளையாடுவது, ஒரு சதம் சம்பளம் கிடையாது. அவுஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட அதே விளையாட்டு, ஆனால் பந்து நீள்வட்டம், அதுதான் தொழில். அங்கேயிருந்து ஆள் வந்து இவனுடைய உதையைப் பார்த்துவிட்டு இரண்டு வருட ஒப்பந்தத்தில் மெல்பேர்னுக்குக் கூட்டிப் போயிருக்கிறது. பத்தொன்பது வயது. சுவாமியார் பூசையில் பேர் சொல்லி ஆசீர்வதித்தாராம், றோட்டோரம் நெருப்பு மூட்டி ஊரே நின்று வழியனுப்பியதாம். அவன் போன வருடம் ஊர் அணி இறுதி ஆட்டத்தில் தோற்றுப்போனது. அவன் நின்றிருந்தால் வென்றிருப்போம், காசுக்கு எங்களை விற்றுப்போட்டான் என்று கோயில் வாசலில் கதைத்தார்களாம்.

"உருண்டைப் பந்து நான் சொன்ன இடத்துக்குப் போகும், அங்கிள். மற்றது என்ர சொல்லுக் கேக்கேல்ல" என்றான். போதாததற்கு முழங்காலும் போய்விட்டது. பெரிய அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். வென்று வந்தால் ஊர் மன்னிக்கும், தோற்றுப்போனவன் ஊரை எந்த முகத்தோடு பார்ப்பான் என்று நினைத்து, வீட்டுக்குப் போகிற விமானத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ஒளித்துக்கொண்டிருக்கிறான். தாய்க்கு அவன் இன்னும் மெல்பேர்னில் விளையாடுகிறான், அங்கே மார்கழி கோடைகாலம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பொய் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. கோப்பை கழுவிக்கொண்டு ஒபிஸ் வேலை என்று வீட்டுக்கு எழுதியவர்களோடு ஒரே அறையில் படுத்து எழும்பியவன் நான். ஆனால் போரில், செல் குண்டுகளுக்குப் பயந்து, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து றோட்டில் கிடந்த காலம் அது. என்னுடைய தாய் எந்தக் கோயிலில், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறா என்று தெரியாமல் நான் அலைந்துகொண்டிருந்தேன்.

"உனக்கென்னடா குறை? உன்ர ஊரில செல் விழுதோ? வீடு இருக்கு, தாய் இருக்கு. ஒரு ரிக்கற்றை எடுத்தா நாளைக்குத் தாயின்ர சாப்பாடு. ஒரு பந்து சொல்லுக் கேக்கேல்ல எண்டு ஆரும் வீட்டை விடுவினமோ?"

"செல் விழுந்தா ஊர் உங்களில பிழை சொல்லாது தானே, அங்கிள்" என்றான். கதையை அதோடு விட்டுவிட்டேன், ஆனால் கோபம் போகவில்லை.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, தாய் அனுப்பிய பார்சல் மெல்பேர்னில் அவனுடைய பழைய விலாசத்துக்குப் போய்த் தாயிடமே திரும்பிவிட்டது. தாய் போனில் புது விலாசம் கேட்கிறா, இவன் விழிக்கிறான். எங்கள் சனத்துக்கு உலகத்தில் எந்த மூலையைச் சொன்னாலும் அங்கே ஒரு அக்காவோ மச்சாளோ இருப்பாள். எனக்கு மெல்பேர்னில் அக்கா. மனிசி அடுப்படியில் நின்றபடியே அக்காவின் விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவன் அதைத் தாய்க்கு ஒப்புவித்தான்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறியள்" என்று கத்தினேன்.

"பாவமப்பா, அந்த மனிசி தேடுமெல்லே" என்றாள் என் மனிசி. அக்காவும் போனில் ஒரு முறை திட்டிவிட்டு, பார்சல் வந்தால் அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பார்சல் மாசியில் எங்களிடம் வந்தது. வெயிலுக்கென்று பார்த்து வாங்கிய மெல்லிய அரைக்கைச் சேட்டுகள் இரண்டு, ஒரு வெயில் தொப்பி. மிச்ச மாரி முழுவதும் அவன் அந்தச் சேட்டுகளைத் தடித்த ஜக்கெற்றுக்கு உள்ளே போட்டுக்கொண்டு கூரை ஏறினான்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. அடுத்த தை மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், அக்கா எடுத்தாள். அங்கே திங்கட்கிழமை காலை.

"உங்கட பெடியன்ர தாய் வந்து நிக்கிறா."

தாய்க்கு அறுபது வயது வந்ததாம். மகனைப் பார்த்து வரட்டும் என்று கோயில் பங்குச் சனம் சேர்ந்து ரிக்கற் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவனுக்குச் சொல்லாமல் போய் நிற்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, அது அந்த அம்மாவின் முடிவு. அக்கா கதவைத் திறந்ததும் தடுமாறி, மகன் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டான் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டிருக்கிறாள். அந்த அம்மா வாசலில் கழற்றிக் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தாவாம். எல்லாம் எங்கள் ஆட்களின் சின்னக் கால். ஒன்றுகூட அவனுடைய அளவில்லை. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறா:

"என்ர பிள்ளை செத்துப் போனானோ?"

அதற்கு மேல் அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை, உயிரோடு இருக்கிறான், கனடாவில் என் தம்பி வீட்டில் இருக்கிறான், விளையாட்டு எப்போதோ முடிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நான் கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். "உன்ர அம்மா மெல்பேர்னில, அக்கா வீட்டில. அவவுக்கு எல்லாம் தெரியும். வந்து கதை."

முகம் செத்துப்போய் மேலே வந்தான். ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றான். நான் பக்கத்திலேயே நின்றேன். ஏசுங்கோ அம்மா, நல்லா ஏசிப்போட்டு, வாடா வீட்டை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவனும் காத்துக்கொண்டு நின்றான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான். ஒரு வருடத்துக்கு மேலாகப் பழகிப்போன வாய்.

"அம்மா, இண்டைக்கு நல்ல வெயில் என்ன?"

அங்கே அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்ததாம். அந்த அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஓம் மேனை, நல்ல வெயில்" என்றாவாம். பிறகு பயிற்சி எப்படி என்று கேட்டா, நல்லாப் போகுது என்றான். சாப்பாடு எப்படி என்று கேட்டா, அதுவும் நல்லம். கண்ணீர் அவன் தாடையால் ஒழுகிக்கொண்டிருந்தது, குரலில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மனிசி தாங்கமாட்டாமல் அறைக்குள் போய்விட்டாள். எனக்கு அந்தப் போனைப் பறித்து இரண்டு பேரையும் ஏச வேண்டும் போலிருந்தது.

வைத்துவிட்டுச் சொன்னான்: "இனி நான் போகேலாது, அங்கிள். இப்ப அம்மாவும் பொய் சொல்லிப் போட்டா."

அவன் சொன்னபடிதான் நடந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். அந்த அம்மா மூடப் பார்த்திருக்கிறா. திரும்பிப் போய், மகனைக் கண்டேன், நல்ல வீடு, நல்ல சனம், நல்லாக விளையாடுகிறான் என்று கோயில் வாசலில் நின்று சொல்லியிருக்கிறா. பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் வருகிற வழியை அடைத்துவிட்டா. அதுவரை அவன் திரும்பிப் போயிருந்தால் அவன் ஒருவன்தான் பொய்யன், இனிப் போனால் தாயும்தான்.

பனி கரைய முதல் அவன் போய்விட்டான். மேற்கே அல்பேட்டாப் பக்கம் வேலையிருக்கு என்றான். சாவியை மாதாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனான். விலாசம் தருகிறேன் என்றவன் தரவில்லை. மனிசி ஞாயிறு பின்னேரங்களில் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டு திரிந்தாள். ஒரு தரமும் அடிக்கவில்லை.

அந்த வருடம் நத்தாருக்கு அக்காவிடமிருந்து பார்சல் வந்தது. தாய், அவன் எங்களை விட்டுப் போனது தெரியாமல், வழமைபோல மெல்பேர்ன் விலாசத்துக்குத்தான் அனுப்பியிருந்தா. ஊர்த் தபாற்கந்தோரில் கனடா என்று எழுதிய பார்சலைக் கொடுத்தால் பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா. பிரித்துப் பார்த்தோம். கையால் பின்னிய தடித்த கம்பளிச் சுவெற்றர், கையுறை, முழங்கால் வரைக்கும் வருகிற காலுறை. அக்கா வீட்டில் அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்திருக்கும். மனிசி சுவெற்றரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் போட்டுப் பார்த்தேன், கை விரல் நுனிகூட வெளியே வரவில்லை.

தைப்பொங்கல் கழிய அக்கா எடுத்தாள். அந்த அம்மா அவளோடு கதைத்தாவாம். வேறொன்றும் கேட்கவில்லை, பிள்ளைக்குச் சுவெற்றர் அளவாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாவாம்.

"நான் என்னத்தைச் சொல்ல? நீதானே பொய் கூடாது, கூடாது எண்டு குதிக்கிறனி" என்றாள் அக்கா.

சுவெற்றர் எதிரே கதிரையில் மடித்தபடி கிடந்தது.

"சரியான அளவாம் எண்டு சொல்லு" என்றேன்.