மருந்து அடிக்காத நாலு சால்

கோழிக்குப் போடுவதை மனுஷி தின்னக் கூடாதா? ஆறாம் வகுப்பில் நான் கேட்ட கேள்வி இது. இன்றைக்கும் அதை வாபஸ் வாங்குவதாக இல்லை.

எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். புரட்டாசி பிறந்துவிட்டால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மக்காச்சோளம்தான். ஆனால் ஒரு வீட்டு அடுப்பிலும் அது ஏறாது. விளைந்ததும் உதிர்த்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிவிடுவார்கள். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளுக்குத் தீனியாகப் போகும். அதே பக்கமிருந்து கோழிகள் வேனில் வந்து சித்தப்பாவின் கறிக்கடையில் இறங்கும். இந்தச் சுற்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கும்தான், அம்மாவின் போனில் அந்த வீடியோவைப் பார்க்கிற வரைக்கும்.

ஒரு அக்கா. நகத்தில் சிவப்புச் சாயம். சோளக்கதிரைத் தணலில் வாட்டி, வெண்ணெய் தடவி, மிளகாய்ப்பொடி தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினாள். நான் எச்சில் விழுங்கினேன். எங்கள் சோளக்காட்டுக்கு ஓடி ஒரு இளங்கதிரை ஒடித்து வந்தேன். விறகடுப்பில் வாட்டி, போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்து, "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்தேன். கடிப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா என் கையில் ஒரு தட்டு தட்டினார். கதிர் சாம்பலில் விழுந்தது. அதுவும் வீடியோவில் பதிவானது.

"நேத்துதான்டி படைப்புழுவுக்கு மருந்து அடிச்சேன். தின்னுருந்தீன்னா?"

"கோழி மட்டும் திங்கலாமா?"

"அது காஞ்சு, அரைச்சு, அப்புறம்தான போவுது. ஒண்ணும் ஆவாது."

"அந்தக் கோழியத்தான நாம திங்கிறோம்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எல்லாம் இந்த போனு குடுக்குற திமிரு" என்று அம்மா அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள்.

அரிசிப் பானைக்குள் கை விடுவது பெரிய வித்தையா? 'பூச்சி மருந்து' என்று ஒரே ஒரு தடவை தேடினேன். அதன்பின் போன் தானாகவே கொண்டுவந்து கொட்டியது: செத்துக் கிடக்கும் தேனீக்கள், மண்புழு இல்லாத மண், ஊசி போட்டு ஊத வைத்த கோழி. கோழி ஊசியெல்லாம் புளுகு என்று இப்போது தெரியும். அப்போது எனக்கு எல்லாமே வேதவாக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கு ரசம்" என்றேன்.

சித்தப்பாவுக்கு அது தொழிலுக்கே விட்ட சவால். "டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. ஏம்மா, நீ திங்கலன்னா கோழி அழுவுமா, சிரிக்குமா?"

"மருந்து அடிக்காத சோளம் தின்ன கோழி கொண்டாங்க, திங்கிறேன்."

"அப்படி ஒரு சோளக் கருது இந்த ஊர்லயே கெடையாதே!"

"நான் வெளைய வெக்கிறேன்."

வாய் சொல்லிவிட்டது. இனி விட முடியாது. அடுத்த விதைப்பு வரைக்கும் ரசத்திலேயே நின்றேன். கடைசியில் அப்பா வாய்க்கால் ஓரமாக நாலு சால், நாலே நாலு வரிசை, விட்டுக்கொடுத்தார். "புழு தின்னு போச்சுன்னு அப்புறம் அழுவக் கூடாது."

அழவில்லை. குருத்துக்குள் மணலைப் போட்டால் புழு செத்துவிடும் என்று ஒரு வீடியோ சொன்னது. ஸ்கூல் பஸ் வருவதற்குள் கிண்ணத்து மணலோடு ஓடி, ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போட்டேன். சில புழுக்கள் செத்தன. சில, மணலைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கின. இலையெல்லாம் சல்லடை. சித்தப்பா வண்டியை வரப்போரம் நிறுத்தி, "புழுவுக்குப் பந்தி போட்டுருக்க போல. மொய் எங்கம்மா வெக்கணும்?" என்பார்.

"கடைசிப் பந்திக்கு வாங்க சித்தப்பா, கருது இருக்கும்" என்பேன்.

அப்பா மருந்து அடிக்கும்போது நான் வரப்பில் காவல் நிற்பேன். முதுகில் டேங்க், மூக்கைச் சுற்றித் துண்டு. காற்று என் சால் பக்கம் அடித்தால், "அப்பா, இங்க வருது!" என்று கத்துவேன். உடனே அவர் என் சாலுக்கு முதுகைக் காட்டி, காற்றை எதிர்த்து நின்றுகொண்டு அடிப்பார். புகைபோல வருவதெல்லாம் அவர்மேலேயே படியும். என் பயிர் தப்பித்தது என்று எனக்குப் பெருமை பிடிபடாது.

அப்படி ஒரு ஞாயிறு. அன்றும் சித்தப்பா கறியோடு வந்திருந்தார். அப்பா குளித்துவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. குழம்பு வாசனை வந்ததுமே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரோரம் படுத்து, கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டார்.

"மருந்து அடிச்ச அன்னைக்கெல்லாம் இப்படித்தான், எதத் தின்னாலும் மருந்து வாடைங்கிறாரு" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே மோர் கலக்கப் போனாள்.

என் காதில் அது விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "பாத்தீங்களா சித்தப்பா, அப்பாவும் என் கட்சி!" என்று குதித்தேன். சித்தப்பா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நாலு சாலிலும் சேர்த்து ஒரு சின்னக் கூடை தேறியது. பாதிக் கதிரில் பல்லே இல்லை. முதல் கதிரை வாட்டி, என் கட்சிக்காரர் என்பதால் அப்பாவுக்குத்தான் கொடுத்தேன். அவர் நெடுநேரம் மென்றார்.

"இதுல மருந்து வாடையே இல்லடி பாப்பா."

என் சோளத்தைப் புகழ்கிறார் என்றுதான் நினைத்தேன்.