மூன்றாம் வருடத்து வண்டி

பெயிண்டர் அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் கொழுந்தனிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"விளக்கு எங்க?"

கணவன் இறந்த பிறகு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவர் டிங்கர். அவர் தகட்டைத் தட்டி நிமிர்த்தித் தருவார், இவள் பெயிண்ட் அடிப்பாள். கல்யாண வாழ்க்கையில் பாதி அப்படியே கழிந்தது. ஷெட் அவர் தம்பியான இந்தக் கொழுந்தனுடையது. ஆனால் மூலையில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. துருப்பிடித்த கூடாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்து எழுப்பியது.

அந்த மாடலில் முதல் வருடத்து வண்டிக்குத்தான் மவுசு. மெல்லிய பளபளப்பு பம்பர், வழவழவென்ற மட்கார்டு. மூன்றாம் வருடத்தில் தடித்த கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. மட்கார்டுகளில் கட்டைவிரல் அகலத்துக்குச் சின்ன விளக்கும் முளைத்தது. இது மூன்றாம் வருடத்து வண்டி. "உதடு வீங்கினவ" என்று ஷெட்டே கேலி செய்யும். அவர் சிரித்துக்கொண்டே ரப்பரைத் துடைப்பார்.

இப்போது வீக்கம் வடிந்திருந்தது. பளபளப்பு பம்பர். விளக்கு இருந்த ஓட்டைகளில் தகடு வைத்துப் பற்றவைத்து, மேலே பட்டி பூசியிருந்தது.

"முதல் வருஷமாக்கிட்டேன் அண்ணி. நீங்க ஒரு கோட் அடிச்சிட்டா ஆண்டவனுக்கே தெரியாது. இதோ பார்ட்டி வந்துட்டிருக்கார். அண்ணன் இருந்தா அவனே செஞ்சிருப்பான்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"இருந்தவரைக்கும் நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசாத மனுஷன். செத்தப்புறம் அவருக்கு நீ வாய் வெச்சுக் குடுக்குறியா?"

வாங்க வந்தவரிடம் நேராகவே சொன்னாள்: "இது மூணாம் வருஷத்து வண்டி. ஏமாறாதீங்க."

அவர் சிரித்தார். "தெரியும்மா. பார்க்குறவனுக்குத் தெரியாம இருந்தா போதும். நீங்க பெயிண்ட மட்டும் அடிங்க."

"கேட்டீங்களா? வாங்குறவருக்கே கவலையில்ல. உங்களுக்கென்ன வந்துச்சு?" என்றான் கொழுந்தன்.

உண்மையைச் சொன்னால் ஆள் திரும்பிப் போய்விடுவார் என்று நம்பியிருந்தாள். உண்மை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கிரைண்டரை எடுத்து மட்கார்டில் வைத்தாள். பட்டி வெள்ளைப் புழுதியாய்ப் பறந்தது. வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அண்ணி! பைத்தியமா புடிச்சிருக்கு? இனிமே இத எவன் வாங்குவான்?"

ஒட்டிய தகடு அறுந்து ணங்கென்று தரையில் விழுந்தது. ஓட்டை திறந்தது.

"இப்ப சொல்லு. எந்த வருஷம்?"

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மட்கார்டுக்குப் போனாள்.