சுபம் போட்ட பிறகு

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் முடிவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுப் படம் முழுக்க வதைத்தவன், கடைசியில் அவள் காலில் விழுவான். அவளும் கண்ணீரோடு அவனைத் தூக்கி நிறுத்துவாள். உடனே சுபம் போட்டுவிடுவார்கள். யாருக்கய்யா சுபம்?

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், விளாங்குடியில் அக்கா வீட்டில் அதை மறுபடி பார்க்க நேர்ந்தது. நான் படம் பார்க்கப் போகவில்லை. "இனி முடியாதுடா தம்பி, சனிக்கிழமை வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிரு" என்று அக்கா போனில் அழுதிருந்தாள். திருநகரில் என் வீட்டு மாடி அறையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மச்சான் டிவி முன்னால் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார்.

"பாவம் மாப்ள அந்தப் பொம்பள. எம்புட்டுத் தாங்கியிருக்கா! இவனெல்லாம் ஒரு மனுசனா?"

நிஜமான கண்ணீர். துண்டால் மூக்கைச் சிந்துகிறார். சிரிப்பதா, அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. ஒருவேளை இந்த மனிதருக்கு உறைத்துவிட்டதோ?

சுபம் வந்த நேரத்தில் அக்காவும் வாசலில் செருப்பைக் கழற்றினாள். மச்சான் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் நீட்டினார். அக்கா பர்ஸிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட். அதில் ஏறின நேரம் அச்சாகியிருந்தது.

"கோரிப்பாளையத்துல ஏறுனது அஞ்சு பத்து. இப்ப மணி ஆறரை. இம்புட்டு நேரம் எங்க இருந்த?"

"சிக்னல்ல ஒரே ஜாமுங்க."

கன்னத்து ஈரம்கூட இன்னும் காயவில்லை அந்த ஆளுக்கு! நான் எழுந்துவிட்டேன். "அக்கா, துணிமணிய எடு. கெளம்பு" என்றேன்.

மச்சான் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேனலை மாற்றினார். அக்கா என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தாள்.

"நீ போடா தம்பி. இன்னைக்கு அழுதிருக்காரு. ரெண்டு நாளைக்கு நல்லா இருப்பாரு."

"வாரேன்க்கா" என்றேன்.